ஐந்து ஊசிகளின் மரம்

பைன் மரத்தின் பெயரை அறிய விரும்புபவர் முதலில் எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும். அண்ணாந்து பார்த்து வியப்பதற்கு முன்னர், கைக்கு எட்டும் கிளை ஒன்றைத் தாழ்த்தி, அதன் ஊசியிலைகள் எத்தனை எத்தனையாகச் சேர்ந்து முளைத்திருக்கின்றன என்று பார்த்தல் வேண்டும். வட அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில், ஊசிகள் இரண்டிரண்டாக இருந்தால் அம்மரம் செம்பைனாகவோ ஜாக் பைனாகவோ இருக்கலாம். மும்மூன்றாக இருந்தால் அது பிசின் பைன். ஐந்தைந்தாக இருந்தாலோ ஐயத்திற்கு இடமில்லை. அது வெள்ளைப் பைன். அக்காடுகளில் இயற்கையாக வளரும் பைன் இனங்களுள் ஐந்து ஊசிகளை ஒரே கற்றையில் தாங்குவது இஃது ஒன்றே.

ஒரு மரத்தின் பெயரை அறிய ஐந்து வரை எண்ணத் தெரிந்தால் போதும் என்பது சிறுபிள்ளைக்கும் மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும், அம்மரம் நலமாக இருக்கின்றதா, நோயுற்றிருக்கின்றதா என்று அறிய அந்த எண்ணிக்கை போதாது. நலமான மரம் கோடையில் எப்படி இருக்கும், இலையுதிர் காலத்தில் எப்படி இருக்கும், அதன் பட்டை இளமையில் என்ன நிறம், முதுமையில் என்ன நிறம் என்பனவெல்லாம் மனத்தில் பதிந்திருந்தால்தான், மாறுபட்ட ஒன்றைக் கண்டவுடன் கண் அங்கே நிற்கும். நலத்தை அறியாதவர் நோயை அறிய இயலாது. வெள்ளைப் பைனின் வரலாறு இவ்வுண்மையைப் பன்முறை, பெரும் விலை பெற்றுக்கொண்டு, மனிதருக்குக் கற்பித்திருக்கின்றது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் தொடங்கி, பேரேரிகளைச் சூழ்ந்த நிலத்தில் பரவி, தெற்கே அப்பலேச்சிய மலைத்தொடரைப் பற்றிக்கொண்டு ஜார்ஜியாவின் வடபகுதி வரை வளர்வது இம்மரம். அறிவியலார் இதனைப் பைனஸ் ஸ்ட்ரோபஸ் என்பர். ஊசிகள் 6 முதல் 13 செண்டிமீட்டர் வரை நீளமுடையவை, தொட்டால் குத்துவதில்லை, மென்மையானவை. நீலம் கலந்த பச்சை நிறம். உற்றுப் பார்த்தால் ஒவ்வோர் ஊசியின் உட்புறத்திலும் மெல்லிய வெண்கோடுகள் ஓடுவதைக் காணலாம். மூச்சுத்துளைகள் வரிசையாக அமைந்த கோடுகள் அவை. காய்கள் மெலிந்து நீண்டு, சற்றே வளைந்து, பிசின் படிந்து, கிளை நுனியில் தொங்கும். இளமரத்தின் பட்டை வழவழப்பாகப் பசுஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். முதிர்ந்த மரத்தின் பட்டை கருத்துத் தடித்து, உழுத நிலம்போல் ஆழ்ந்த வெடிப்புகள் கொண்டிருக்கும். அறுத்த பலகை வெளிறிய நிறமுடையது. மரத்தின் பெயருக்குக் காரணம் அதுவே.

இம்மரத்திற்கு மற்றுமோர் ஒழுங்கு உண்டு. ஆண்டுதோறும் அதன் தலைக்குருத்து ஒருமுறை நிமிர்ந்து வளரும். அக்குருத்தின் அடியில் ஒரு சுற்றுக் கிளைகள் சக்கரத்தின் ஆரங்களைப்போல் விரியும். அடுத்த ஆண்டு அதற்கு மேல் இன்னொரு சுற்று. ஆகவே, இளமரத்தை வெட்டாமலேயே அதன் அகவையைக் கணக்கிடலாம். கிளைச் சுற்றுகளை எண்ணினால் போதும். இரு சுற்றுகளுக்கு இடைப்பட்ட தண்டு நீளமாக இருந்தால் அவ்வாண்டு மரத்துக்கு நல்ல ஆண்டு. குறுகியிருந்தால் மரம் வருந்திய ஆண்டு. தன் வாழ்க்கைக் குறிப்பைத் தன் உடலிலேயே எழுதிவைக்கும் மரம் இது. படிக்கத் தெரிந்தவர்தாம் வேண்டும்.

தொடக்க நாளில் இதனைப் படித்தவர்கள் இருவகையினர். ஹோடினோஷோனி மக்கள் இதனை அமைதியின் மரமாகக் கண்டனர். மோஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனகா என்னும் ஐந்து இனத்தார் போரை விடுத்து ஒன்றுபட்டபோது, தம் படைக்கருவிகளை ஒரு வெள்ளைப் பைனின் வேரடியில் புதைத்தனர் என்பது அவர்தம் மரபு. ஒரே கற்றையில் சேர்ந்த ஐந்து ஊசிகள் அவ்வொற்றுமைக்கு அடையாளமாயின. அம்மரத்தின் உச்சியில் கழுகு ஒன்று அமர்ந்து, அமைதிக்குக் கேடு வரும் திசையை நோக்கியிருக்கும் என்றும் அம்மரபு கூறுகின்றது. அமைதி நிலைக்க வேண்டுமாயின் விழித்திருக்கும் கண்ணும் வேண்டும் என்று அம்மக்கள் கருதினர் போலும்!

ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அதே மரத்தைப் பாய்மரமாகக் கண்டனர். கிளையற்று, நேராக, வானளாவி வளர்ந்த தண்டுகள் பிரித்தானியக் கடற்படைக்குத் தேவைப்பட்டன. 1691ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் பட்டயம், தனியார்க்கு உரிமையாகாத நிலங்களில் 24 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுடைய மரங்களை அரசருக்கென ஒதுக்கியது. அத்தகைய மரங்களில் கோடரியால் மூன்று வெட்டு வெட்டி அம்புக்குறி பொறித்தனர். குடியேறியவர்களுக்கு இது பெருஞ்சினத்தை உண்டாக்கிற்று. 1772ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரில் வியர் என்னும் ஊரில் அரசின் அலுவலர்களை மரமறுப்போர் அடித்து விரட்டிய கலகம் நிகழ்ந்தது. பின்னர், அரசரின் குறியும் போயிற்று, மரங்களும் போயின. 19ஆம் நூற்றாண்டில் கோடரி மெய்ன் மாநிலத்திலிருந்து மிச்சிகனுக்கும், அங்கிருந்து விஸ்கான்சினுக்கும் மினசோட்டாவுக்கும் நடந்தது. அந்நூற்றாண்டு முடியும்போது பழங்காட்டின் பெரும்பகுதி வீடுகளாகவும் களஞ்சியங்களாகவும் மாறிவிட்டிருந்தது.

அழித்தவர்களின் பிள்ளைகளே மீண்டும் நட முன்வந்தனர் என்பது மகிழத்தக்க செய்தி. மொட்டையான மலைச்சரிவுகளைக் கண்டு மனம் வருந்தி, மீண்டும் காடு வளர்க்க விரும்பினர். அதற்கு நாற்றுகள் வேண்டும். உள்நாட்டு நாற்றங்கால்கள் போதவில்லை. ஐரோப்பாவிலோ வெள்ளைப் பைன் 18ஆம் நூற்றாண்டு முதலே வளர்க்கப்பட்டு வந்தது; ஜெர்மனியின் நாற்றங்கால்கள் அந்நாற்றுகளைக் குறைந்த விலைக்குத் தந்தன. அமெரிக்க மரத்தின் பிள்ளைகள் ஐரோப்பாவில் பிறந்து, கப்பலேறித் தாய்மண்ணுக்குத் திரும்பின. அவற்றின் உடலுக்குள் ஒரு பகைவன் ஒளிந்திருந்ததை நட்டவர் அறியவில்லை.

கொப்புளத் துருநோய் என்பது அப்பகைவனின் பெயர். குரோனார்ட்டியம் ரிபிகோலா என்னும் பூஞ்சையால் வருவது. ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட அப்பூஞ்சை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பால்டிக் கரையில் காணப்பட்டு, பின் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. ஆசியாவின் ஐந்தூசிப் பைன்கள் நெடுங்காலம் அதனோடு வாழ்ந்து பழகியவை; அவற்றுள் பல நோயைத் தாங்கி நிற்கும் ஆற்றல் பெற்றிருந்தன. அமெரிக்க மரத்திற்கு அந்தப் பழக்கமில்லை. 1906ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்னும் ஊரில் அந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது. மேற்குக் கரையில் 1910ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து வான்கூவருக்கு வந்த நாற்றுகளோடு அது இறங்கியது. அங்கே அது கண்டுபிடிக்கப்பட்டது 1921இல்தான். அதற்குள் அது காட்டுக்குள் புகுந்துவிட்டது.

ஏன் உடனே காணவில்லை? அந்நோயின் இயல்பே அதற்குக் காரணம். பூஞ்சையின் நுண்வித்து ஊசியின் மூச்சுத்துளை வழியாக நுழைகின்றது. அந்நாளில் ஊசியில் தோன்றுவது ஒரு சிறு மஞ்சள் புள்ளி மட்டுமே. ஊசியிலிருந்து சிறுகிளைக்கும், சிறுகிளையிலிருந்து பெருங்கிளைக்கும் பட்டையின் உள்ளே மெல்ல மெல்ல நகர்கின்றது. இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே, ஓர் இளவேனிலில், பட்டையைப் பிளந்துகொண்டு ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறக் கொப்புளங்கள் வெளிவருகின்றன. நாற்றுகளைத் துறைமுகத்தில் பார்த்தவர் பசுமையைக் கண்டார், நோயைக் காணவில்லை.

இப்பூஞ்சை ஒரு பைனிலிருந்து மற்றொரு பைனுக்கு நேராகத் தாவுவதில்லை என்பது இதன் வியப்புக்குரிய இயல்பு. இடையில் வேறொரு செடி வேண்டும். பெரும்பாலும் ரைபீஸ் இனத்தைச் சேர்ந்த கரன்ட்டும் கூஸ்பெர்ரியுமே அச்செடிகள். (நெல்லிக்கும் ஆங்கிலத்தார் கூஸ்பெர்ரிப் பெயர் சூட்டியதுண்டு, அது வேறு, இது வேறு.) பைனின் கொப்புளம் வெடித்துப் பறக்கும் நுண்வித்துகள் காற்றில் நெடுந்தொலைவு செல்லவல்லவை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டரும் கடக்கும். அவை ரைபீஸ் இலையின் அடிப்புறத்தில் படிந்து கோடை முழுவதும் பெருகுகின்றன. கோடை முடிந்து குளிரும் ஈரமும் கூடும் இரவுகளில் வேறுவகை நுண்வித்துகள் அங்கே பிறந்து, பைனை நோக்கித் திரும்புகின்றன. இவை மிக மென்மையானவை. வெயிலையும் வறட்சியையும் தாங்கமாட்டா. பெரும்பாலும் சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே இவற்றின் ஆற்றல் அடங்கிவிடும். ஆகவே, பைனுக்கு அருகில் ரைபீஸ் இல்லையென்றால் நோயின் சங்கிலி பெரும்பாலும் அறுந்துவிடும்.

இதனை அறிந்ததும் ஒரு பெரும்போர் தொடங்கிற்று. 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் படையினர் காடுகளில் வரிசையாக நடந்து, கோடிக்கணக்கான ரைபீஸ் செடிகளைப் பிடுங்கியெறிந்தனர். கிழக்கில் இம்முயற்சிக்கு ஓரளவு பயன் கிட்டியது. மேற்கின் மலைக்காடுகளிலோ, அறுபட்ட வேரிலிருந்து செடி மீண்டும் தளிர்த்தது. மண்ணில் நெடுங்காலம் உறங்கிய விதைகள் முளைத்தன. கரன்ட் வளர்ப்பதற்கு நடுவண் அரசு விதித்திருந்த தடை 1966இல் நீக்கப்பட்டு, அம்முடிவு மாநிலங்களுக்கு விடப்பட்டது. நோயை எதிர்க்கும் கரன்ட் வகைகளை உருவாக்கிப் பலர் பயிரிட்டனர். ஆனால், அத்தகைய வகைகளிலும் துருநோய் பற்றியதைக் கனெக்டிகட் மாநிலத்தில் 2011இல் கண்டனர். மனிதர் கற்கும்போது பூஞ்சையும் கற்கின்றது.

அமெரிக்கா 1912ஆம் ஆண்டு செடித் தொற்றுக்காப்புச் சட்டத்தை இயற்றியதற்கு இந்நோயும் ஒரு காரணம். அயல்நாட்டிலிருந்து வரும் நாற்றை ஐயுற்று நோக்கும் வழக்கம் அன்று சட்டமாயிற்று. இது மிகையான அச்சமென்று பால்மரத் தோட்டங்களை அறிந்தவர் கூறமாட்டார். 1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து லண்டனுக்குச் சென்ற ரப்பர் விதைகளின் வழித்தோன்றல்களே தென்கிழக்காசியாவில் காடாகப் பெருகின. அவ்விதைகளோடு தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் வரவில்லை. அதனால் தோட்டங்கள் வாழ்ந்தன. ரப்பரின் தாயகமான அமேசான் காட்டிலேயே ஹென்றி ஃபோர்டு 1928இல் தொடங்கிய பெருந்தோட்டம் அந்நோய்க்கு இரையாயிற்று. ஒரு மரம் நோயை விட்டுப் பிரிந்து பயணம் செய்தது. அதனால் ஒரு நாட்டின் பொருளியலே வளர்ந்தது. மற்றொரு மரம் நோயை உடன்கொண்டு பயணம் செய்தது. அதனால் காடுகள் மாண்டன.

துருநோய் அயலிலிருந்து வந்த பகை. வெள்ளைப் பைனுக்கு உள்நாட்டுப் பகையும் உண்டு. தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டைத் தென்னை வளர்ப்போர் அறிவர். அதன் உறவினன் ஒருவன் வெள்ளைப் பைனின் தலைக்குருத்தை நாடி வருகின்றான். உடல் அரை செண்டிமீட்டர் அளவே, பழுப்பு நிறம், வெண்புள்ளிகள், யானைத் துதிக்கைபோல் வளைந்த மூக்கு. குளிர்காலம் முழுவதும் மரத்தடிச் சருகுக்குள் உறங்கி, இளவேனிலின் முதல் வெப்பத்தில் எழுந்து, மரத்தின் உச்சிக்கு ஏறுகின்றது. சென்ற ஆண்டு வளர்ந்த குருத்தின் பட்டையில் துளையிட்டு முட்டையிடுகின்றது. துளைகளிலிருந்து பிசின் துளிகள் கசிந்து வெயிலில் மின்னும். பார்ப்பதற்கு அழகு, ஆனால் அதுவே முதல் எச்சரிக்கை.

முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள், வரிசைகட்டிய படைபோல், குருத்தைச் சுற்றிலும் பட்டைக்கடியில் தின்றுகொண்டே கீழ்நோக்கி இறங்குகின்றன. ஜூன் மாதத்தில் அவ்வாண்டின் இளந்தளிர் வாடி, ஆயனின் கைக்கோல்போல் வளைந்து தொங்கும். இரண்டு மூன்று ஆண்டு வளர்ச்சி ஒரே கோடையில் பட்டுப்போகும். மரம் சாவதில்லை, ஆனால் தலையிழக்கின்றது. தலைமை இழந்த நாட்டில் சிற்றரசர்கள் போட்டியிடுவதைப்போல், பக்கக் கிளைகள் பலவும் மேல்நோக்கி எழுகின்றன. மரம் கவைத்து, கோணி, பல தண்டுகளாகப் பிரிகின்றது. நியூ இங்கிலாந்து உழவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கைவிட்ட வயல்களில் தானே முளைத்த பைன்கள் பல, திறந்த வெயிலில் இவ்வண்டுக்கு இலக்காகி, பருத்துப் படர்ந்து நின்றன. காட்டியலார் அவற்றை முட்டைக்கோசுப் பைன் என்று நகையாடினர். அவ்வண்டு வெயிலை விரும்புவது. பெருமரங்களின் நிழலில் வளரும் இளம்பைனை அது அவ்வளவாக நாடுவதில்லை. வெயிலில் விரைந்து வளர்க என்று விட்ட நிலமே வளர்ச்சிக்குத் தடையாயிற்று.

இதற்கு மருந்தைவிடக் கத்தரியே பயன்தரும். வளைந்த குருத்தைக் கோடை நடுவிலேயே, புதிய வண்டுகள் வெளிப்படுமுன், புழுத்த பகுதிக்குக் கீழே நல்ல மரம் தெரியும் இடத்தில் வெட்டி எரித்துவிட வேண்டும். பின்னர், எஞ்சிய உச்சிச் சுற்றில் வலிமைமிக்க ஒரு பக்கக் கிளையை மட்டும் விட்டு, மற்றவற்றின் நுனியைக் குறைக்க வேண்டும். விடப்பட்ட அக்கிளை ஆண்டுகள் செல்லச் செல்ல நிமிர்ந்து, புதிய தலைக்குருத்தாகும். தண்டில் ஒரு சிறு வளைவு மட்டும் எஞ்சும். துருநோய்க்கும் ஓரளவு இதே வழிதான். நோயுற்ற பகுதி தண்டிலிருந்து ஒரு சாண் தொலைவிலேனும் இருக்கும்போது அக்கிளையை வெட்டிவிட்டால், மரம் பிழைக்க வாய்ப்புண்டு. நோய் தண்டை எட்டிச் சுற்றி வளைத்துவிட்டால், அதற்கு மேற்பட்ட பகுதி இறக்கும். பெரும்பாலான தொற்று, ஈரம் தங்கும் கீழ்க்கிளைகளிலேயே நிகழ்வதால், இளமரத்தின் கீழ்க்கிளைகளை முன்கூட்டியே கழித்துவிடுவதும் உண்டு.

வெட்டுவது எளிது. எப்போது, எதை வெட்டுவது என்று காண்பதே அரிது. பச்சை மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் செம்பழுப்பாக மாறிக் கொடிபோல் தெரிந்தால், அருகில் சென்று பார்க்க வேண்டும். கிளையின் பட்டை ஓரிடத்தில் வீங்கி, அவ்வீக்கத்தின் ஓரம் மஞ்சளாக இருக்கின்றதா? பிசின் வழிகின்றதா? அணிலோ வேறு கொறிவிலங்கோ அவ்விடத்தைச் சுரண்டியிருக்கின்றதா? துருநோய் பற்றிய பட்டையில் இனிப்பு மிகுதி. அதனால் அணில் நாடும். மனிதர் காணாததை அணில் காண்கின்றது.

இனி, நோயல்லாததை நோயென்று எண்ணும் மயக்கமும் உண்டு. செப்டம்பர் கழிந்து அக்டோபர் வரும்போது, வெள்ளைப் பைனின் உட்புற ஊசிகள் யாவும் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். பைன் என்றும் பசுமையானது என்று கேட்டு வளர்ந்த வீட்டுக்காரர் திடுக்கிடுகின்றார். மரம் செத்துக்கொண்டிருக்கின்றது என்று எண்ணி, வெட்டுவதற்கு ஆள் தேடுகின்றார். உண்மை என்ன? என்றும் பசுமையான மரத்திலும் என்றும் வாழும் இலை இல்லை. வெள்ளைப் பைனின் ஊசி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே வாழும். பழையன உதிர, அவ்வாண்டின் புதியன கிளை நுனியில் பசுமையாக நிற்கும். அது சாவு அன்று. ஆண்டுக் கணக்கை முடித்தல்.

தண்டில் வெண்பஞ்சு அப்பியதுபோல் படர்ந்திருப்பதைக் கண்டும் பலர் நடுங்குவர். அசுவினிக்கு உறவான ஒரு சிறு பூச்சி தன்னைச் சுற்றி நூற்ற மெழுகுப் போர்வையே அது. பார்வைக்குக் கொடியது, வளர்ந்த மரத்திற்குப் பெருந்தீங்கு செய்வது அரிது. அழுத்தமாக நீர் பீய்ச்சினாலே பெரும்பகுதி நீங்கிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழி மரம் வளர்ப்போர்க்கும் பொருந்தும்.

ஆனால், அக்டோபரில் அஞ்ச வேண்டாத அதே மஞ்சள் நிறம் ஜூனில் தோன்றினால் அஞ்சத்தான் வேண்டும். நியூ இங்கிலாந்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் 2010ஆம் ஆண்டையொட்டி, கோடைத் தொடக்கத்திலேயே சென்ற ஆண்டின் ஊசிகள் மஞ்சளாகிப் பழுத்து உதிர்வது பரவலாகக் காணப்பட்டது. ஊசிகளைத் தாக்கும் பூஞ்சைகள் பல இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் கண்டனர். முந்திய ஆண்டின் இளவேனில் மழையும் ஈரமும் மிகுந்திருந்தால் நோயும் மிகும். ஓர் ஆண்டு நிகழ்ந்தால் மரம் தாங்கும். ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்தால் மெலியும். மெலிந்த மரத்தை வேரழுகலும் பட்டைப்புண்ணும் பற்றும். சாலையை நோக்கிய பக்கம் மட்டும் இளவேனிலில் பழுப்பாகியிருந்தால், குற்றவாளி பூச்சியும் அன்று, பூஞ்சையும் அன்று; குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவிய உப்பு.

ஆகவே, மரத்தின்முன் நிற்பவர் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. எந்த மாதம்? எந்த வயது ஊசி? மரத்தின் எந்தப் பக்கம்? எந்த உயரம்? உச்சி வளைந்தால் கூன்வண்டை நினைக்கலாம். கீழே ஒரு கிளை சிவந்தால் துருநோயை நினைக்கலாம். உட்புறப் பழைய ஊசிகள் இலையுதிர் காலத்தில் மஞ்சளானால் அமைதியாக வீட்டுக்குச் செல்லலாம். நிறம் ஒன்றே, பொருள் பல. ஒரு சொல்லின் பொருளை அது நிற்கும் இடம் கொண்டு அறிவதைப்போலவே, மரத்தின் குறியையும் அது தோன்றும் காலமும் இடமும் கொண்டே அறிய வேண்டும். மொழி கற்பிப்போர்க்கு இது புதிய பாடம் அன்று.

இவ்வளவு அறிந்தும் காப்பாற்ற இயலாத மரங்கள் உண்டு. மேற்கு மலைகளின் உச்சியில், காற்றும் பனியும் அறையும் இடத்தில் வளரும் வெண்பட்டைப் பைன் அத்தகையது. அதுவும் ஐந்தூசி இனமே. கிளார்க் கொட்டைக்கொறிப்பான் என்னும் பறவை அதன் விதைகளை மண்ணில் புதைத்து வைக்கும், மறந்துவிட்டவை முளைக்கும். பழுப்புக் கரடிகளுக்கும் அவ்விதை உணவு. துருநோயாலும், பட்டை வண்டாலும், தீயாலும், வெப்பம் கூடுவதாலும் அம்மரம் நலிந்து, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் உயிரினமாக அமெரிக்க அரசால் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய நாற்றங்காலில் ஒளிந்திருந்த பூஞ்சை, ஒரு நூற்றாண்டுக்குள், எவரும் எதையும் நடாத மலையுச்சியையும் எட்டிவிட்டது.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. நோய் பரவிச் செத்துப்போன காட்டில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்கள் பசுமையாக நிற்கும். அவற்றைத் தேடிச் சென்று, ஏறி, காய்களைப் பறித்து வருகின்றனர் காட்டியலார். ஆரிகன் மாநிலத்தில் டொரீனா என்னும் இடத்திலுள்ள மரபியல் நிலையத்தில் 1960களிலிருந்து இப்பணி நடைபெறுகின்றது. விதைகளை முளைக்கவைத்து, நாற்றுகளின்மேல் நோயுற்ற ரைபீஸ் இலைகளைப் பரப்பி, வேண்டுமென்றே நோயைப் பொழியவிடுகின்றனர். பின் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கின்றனர். மாண்டவை மாளும், தாங்கியவை விதை தரும் தோப்பில் இடம்பெறும். கிழக்கில் ஒண்டாரியோ ஆய்வாளர்கள், நோயைத் தாங்கும் இமயமலை நீலப்பைனோடு வெள்ளைப் பைனைக் கலந்து புதிய கன்றுகளை வளர்த்துப் பார்த்தனர். நோய் வந்த கண்டத்திலிருந்தே அதைத் தாங்கும் வலிமையும் தேடப்பட்டது.

முதலில் நட்டவர்கள் அன்பால் நட்டனர். ஆனால் நாற்றின் உள்ளே பார்க்கவில்லை. பின்னர் வந்தவர்கள் பகைச் செடியை வேரறுக்க முனைந்தனர். கோடிக்கணக்கில் பிடுங்கியும் முடியவில்லை. இப்போது வந்திருப்பவர்கள் செத்த காட்டுக்குள் நடந்து, நலமாக நிற்கும் மரம் எது என்று தேடுகின்றனர். நோயைத் தேடிய நூற்றாண்டு, இறுதியில் நலத்தைத் தேடக் கற்றிருக்கின்றது. அத்தேடலுக்கு விலையுயர்ந்த கருவி முதலில் வேண்டுவதில்லை. சாம்பல் நிறக் காட்டில் நீலப்பச்சைக் கிளை ஒன்றைக் கண்டு நின்று, அதனைத் தாழ்த்தி, ஊசிகள் ஐந்தா என்று எண்ணி, பட்டையைத் தடவி வீக்கம் இல்லை என்று உறுதிசெய்யும் ஒரு கையும் இரண்டு கண்களும் போதும். மரத்தை அன்றாடம் பார்த்துப் பழகிய கண்களாக அவை இருத்தல் வேண்டும்.